எலிப்டிகல் வாங்கும்போது அதன் மூட்டுகளைப் பாருங்கள்

வீட்டு உடற்பயிற்சிக்கு எலிப்டிகல் (நின்றபடி இரு பெடல்களை மிதித்துக் கைப்பிடிகளை முன்பின் ஆட்டும் இயந்திரம்) வாங்க நினைப்பவர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அதன் திரையை. அடுத்துக் கேட்பது ஃப்ளைவீல், அதாவது ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரம், எத்தனை கிலோ என்பதை. நான் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். சுழலும் இயந்திரம் எதுவானாலும் அதன் ஆயுள் மூட்டுகளில்தான் இருக்கிறது என்பது அங்கே கற்றது. சென்னையில் இரண்டாம் மாடி அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எங்களுக்கு, 30 ஆயிரம் ரூபாய்க்குள், ஏழெட்டு ஆண்டுகளாவது உழைக்கக்கூடிய ஓர் எலிப்டிகல் தேவைப்பட்டது. அதைத் தேடியபோது எதைப் பார்த்தேன், எதைப் பொருட்படுத்தாமல் விட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். கடைகளில் இதைக் கிராஸ் டிரெய்னர் என்று கேட்டால்தான் உடனே காட்டுகிறார்கள்.

முதலில், ஏன் டிரெட்மில் இல்லை என்ற கேள்வி. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எலும்பு மருத்துவர் நடைப்பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. கடினமான தரையில் வேகமாக நடப்பதைக் குறைத்துக்கொண்டு, பாதம் தரையில் மோதாத பயிற்சி எதையாவது சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. ஆகையால், ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்கு ஏறும் அதிர்ச்சி இதில் கிடையாது. 1995இல் அமெரிக்காவின் ப்ரீகோர் நிறுவனம் இந்த வகை இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் பெருமையாகச் சொல்லப்பட்டதும் இதுதான். எல்லா முழங்கால் வலிக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். முட்டியை மடக்கும்போதே வலிப்பவர்கள் முதலில் ஏதாவது ஒரு ஜிம்மில் சில நாள் இதில் ஏறிப் பார்த்து, மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இரண்டாவது காரணம் முழுக்க முழுக்கப் பராமரிப்புக்காரனின் காரணம். டிரெட்மில்லில் மோட்டார், அதை இயக்கும் மின்பலகை, எண்ணெய் கேட்கும் ஓடுபட்டை என்று கெடுவதற்குப் பல பொருள்கள் உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் முதல் பலி மின்பலகை. சாதாரண எலிப்டிகலோ மனித உடலின் விசையில் ஓடுகிறது. மின்சாரம் நின்றாலும் பயிற்சி நிற்காது. திரைக்குத் தேவை இரண்டு பென்சில் பேட்டரி மட்டுமே.

எலிப்டிகல் எனும் பெயரில் விற்பனையாகும் எல்லாமே அவ்வளவு எளிமையானவை அல்ல. வேறுபாடு தடையை உண்டாக்கும் முறையில் இருக்கிறது. மிக மலிவானவற்றில் ஒரு பட்டையோ திண்டோ சக்கரத்தின் மேல் உராய்ந்து தடையைத் தருகிறது. அது தேயும், சூடாகும், நாளடைவில் ஓசையும் எழுப்பும். அடுத்தது காந்தத் தடை: சுழலும் உலோகச் சக்கரத்தின் அருகே காந்தங்களை நகர்த்தினால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அது சுழற்சியை எதிர்க்கிறது. ஒன்றையொன்று தொடாமலே தடை கிடைப்பதால் தேய்மானம் என்பதே இல்லை. காந்தத்தை நகர்த்துவது நாம் திருகும் குமிழும் அதிலிருந்து இறங்கும் ஒரு கம்பியும் என்றால் அது கைமுறைக் காந்தத் தடை. சிறு மோட்டார் நகர்த்தினால் அதற்கு மின் இணைப்பும் மின்பலகையும் வேண்டும். விலை உயர்ந்தவற்றில் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தச் சுருள் இருக்கும்.

என் முடிவு கைமுறைக் காந்தத் தடை. திரையில் பொத்தானை அழுத்தி மலையேற்றம், சமவெளி என்று மாற்றிக்கொள்ளும் வசதி இதில் இல்லை. அந்த வசதிக்காகத் தரும் கூடுதல் பணம் இயந்திரத்திலேயே சீக்கிரம் கெடக்கூடிய பாகத்துக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு. கைமுறை இயந்திரத்தில் அந்தக் கம்பி அறுந்தால், சைக்கிள் பிரேக் கம்பி மாற்றத் தெரிந்தவர் மாற்றிவிடுவார். ஒரு நுட்பத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: காந்தத் தடை வேகத்தோடு சேர்ந்து ஏறுவது. கடையில் மெதுவாக மிதித்துப் பார்த்துவிட்டு, குமிழை 8ஆம் நிலைக்குத் திருகியும் தடை போதவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இனி மூட்டுகள். நிமிடத்துக்கு 50 சுற்று என்ற மிதமான வேகத்தில் ஒருவர் அரை மணி நேரம் மிதித்தால் 1,500 சுற்று. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால், ஆண்டுக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் சுற்று. வீட்டில் இருவர் பயன்படுத்தினால் அது இரட்டிப்பாகும். ஒவ்வொரு சுற்றிலும் உடலின் எடை இடதிலிருந்து வலதுக்கும் வலதிலிருந்து இடதுக்கும் மாறி மாறி இந்த மூட்டுகளின் வழியாகவே போய் வருகிறது. ஒரு சாதாரண எலிப்டிகலில் முக்கியமான மூட்டுகள் ஏழு. நடு அச்சு ஒன்று. கிராங்கும் (நடு அச்சோடு சேர்ந்து சுற்றும் கை) பெடல் தண்டும் சேரும் இடங்கள் இரண்டு. பெடல் தண்டு கைப்பிடித் தண்டின் அடிமுனையோடு சேரும் இடங்கள் இரண்டு. கைப்பிடித் தண்டு தூணில் மாட்டி ஆடும் இடங்கள் இரண்டு.

இவற்றில் நடு அச்சும் கிராங்க் மூட்டுகளும் முழுச் சுற்றுச் சுற்றுபவை. அங்கே கட்டாயம் பால் பேரிங் (உள்ளே எஃகுக் குண்டுகள் உருளும் வளையம்) இருக்க வேண்டும். மற்ற நான்கும் முன்னும் பின்னும் ஆடுபவை மட்டுமே. அங்கே நல்ல உலோக புஷ் (அச்சு உள்ளே வழுக்கி அசையும் குழல்) இருந்தாலே போதும், அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் சரி. மலிவு இயந்திரங்களில் ஏழு மூட்டிலும் பிளாஸ்டிக் புஷ்தான் இருக்கும். புதிதாக இருக்கும்போது அதுவும் வழுக்கிக்கொண்டு ஓடும். சில மாதங்களில் கிரீஸ் பிதுங்கி வெளியேறி, வட்டமான துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ‘டக்’ ஓசை கேட்கத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஓசை இரண்டு நாளுக்கு மட்டுமே அடங்கும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை; நான் கேட்டபோது, “எல்லாமே பேரிங்தான் சார், எட்டு கிலோ ஃப்ளைவீல் சார்” என்று ஒரே மூச்சில் பதில் வந்தது. கீழே இறங்கி நின்றுகொண்டு, பெடல் தண்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிராங்க் மூட்டில் ஆட்டம் தெரிந்தால், அது காட்சிக்கு வைத்த இயந்திரம் என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். காட்சிக்கு நிற்கும்போதே ஆடுவது வீட்டில் இன்னும் ஆடும். பிறகு ஏறி நின்று, கடையின் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, பத்து நிமிடமாவது மிதியுங்கள். முன்னோக்கி மட்டும் மிதித்தால் போதாது. பின்னோக்கி மிதிக்கும்போதும், மிக மெதுவாக மிதிக்கும்போதும்தான் மூட்டுகளில் உள்ள ஆட்டம் ஓசையாக வெளிப்படும். பயனர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் இருக்கும். அதன் பட்டியலில் பேரிங் எண்கள் குறிப்பிடப்பட்டிருந்தால் நல்ல அறிகுறி. இணையத்தில் வாங்குபவர்கள் அந்தக் கையேட்டைத் தரவிறக்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

6203, 6004 போன்ற எண்களை அந்தப் பட்டியலில் கண்டால் நிம்மதி அடையலாம். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ.; எந்த நிறுவனம் செய்தாலும் அளவு இதுதான். மோட்டார்களில் பரவலாகப் பயன்படும் பேரிங் என்பதால் பாரிமுனைப் பக்கம் உள்ள பேரிங் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஃப்ளைவீலைச் சுழற்றும் பெல்ட்டும் அப்படியே. பெரும்பாலான எலிப்டிகல்களில் உட்பக்கம் நீளவாக்கில் வரிகள் ஓடும் பி.ஜே. வகை பெல்ட் இருக்கிறது; அதன் மேல் நீளமும் வரிகளின் எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். வாஷிங் மெஷின்களிலும் இதே வகை உண்டு. அளவு ஒத்துப்போனால், இயந்திரத்தை விற்ற நிறுவனம் கடையை மூடிவிட்டுப் போனாலும் நமக்குக் கவலையில்லை. நீடித்து உழைக்கும் பொருள் என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: கெடும் பாகம் உள்ளூரில் கிடைக்க வேண்டும், அதை மாற்ற உள்ளூரில் ஆள் கிடைக்க வேண்டும்.

ஃப்ளைவீலின் எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் அதைத்தான் பெரிதாக எழுதுகின்றன. சுழலும் சக்கரம் சேமித்து வைக்கும் ஆற்றல் அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று. சுழலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எடை விளிம்பில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. பெரிய கப்பியிலிருந்து சிறிய கப்பிக்கு பெல்ட் போட்டு வேகமாகச் சுழற்றப்படும் 6 கிலோ சக்கரம், மெதுவாகச் சுழலும் 10 கிலோ சக்கரத்தைவிட ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கலாம். காலால் தெரிந்துகொள்வதே சரியான வழி. குறைந்த தடையில் மெதுவாக மிதிக்கும்போது, பெடல் உச்சியிலும் அடியிலும் திரும்பும் இடத்தில் தயங்கி, பிறகு தள்ளுவது போலத் தெரிந்தால் அந்த இயந்திரம் வேண்டாம்.

மொத்த இயந்திரத்தின் எடையோ உண்மையான செய்தியைச் சொல்லும். 30 கிலோவுக்கும் குறைவான இயந்திரத்தில் 80 கிலோ மனிதர் ஏறி வேகமாக மிதித்தால், அது தரையில் நகரத் தொடங்கும். 45 கிலோவுக்கு மேல் இருப்பது நல்லது. பயனர் எடை வரம்பாக அட்டையில் எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வீட்டில் கனமானவரின் எடையோடு 25 கிலோவாவது கூட்டிப் பார்த்து வாங்க வேண்டும். வெல்டிங் இணைப்புகளில் மாறி மாறி விழும் சுமைதான் நாளடைவில் விரிசலை உண்டாக்குகிறது. வரம்பின் விளிம்பில் வைத்து ஓட்டுவது அதை முன்கூட்டியே வரவழைக்கும்.

சில இயந்திரங்களின் அடியில், உடற்பயிற்சி இயந்திரங்களுக்கான தரநிலை எண்ணாக ஐ.எஸ்.ஓ. 20957 என்றோ, பழையதானால் ஈ.என். 957 என்றோ எழுதி, பக்கத்தில் எச்.சி. என்று இரண்டு எழுத்து இருக்கும். எச் என்பது வீட்டுப் பயன்பாட்டுக்கு உரியது என்பதைக் குறிக்கிறது. ஜிம்முக்கு உரியது எஸ். இரண்டாவது எழுத்து அளவீட்டுத் துல்லியத்தின் தரம். ஏ, பி, சி என்ற மூன்றில் சி கடைசி. அதாவது, திரையில் தெரியும் கலோரிக் கணக்கைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை என்பதை இயந்திரமே எழுதி வைத்திருக்கிறது. நேரத்தைக் காட்டும் திரையே போதும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் நிமிடக் கணக்கில்தான் பேசுகிறது.

மூட்டுகளுக்கு அடுத்தபடியாக நான் பணத்தைச் செலவழிக்கத் தயாராக இருந்தது ஸ்ட்ரைடு நீளத்துக்கு. ஒரு பெடல் முன்கோடியிலிருந்து பின்கோடிக்குப் போகும் தொலைவு அது. ஜிம் இயந்திரங்களில் 20 அங்குலத்தை ஒட்டி இருக்கும்; மலிவானவற்றில் 12 அங்குலத்துக்குக்கூட இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஒன்றில் என் மனைவியை ஏற்றிப் பார்த்தபோது, “இது நடக்கிற மாதிரியே இல்லைங்க, படி ஏறுகிற மாதிரி இருக்கிறது” என்றார். அவர் சொன்னது மிகச் சரி. முன்பின் தொலைவு குறைந்தால் நீள்வட்டம் வட்டத்தை நெருங்கி, முட்டி அதிகமாக மடங்குகிறது. முட்டியைக் காக்க வாங்கும் இயந்திரம் முட்டியையே வருத்தினால் என்ன பயன்? ஐந்தடி மூன்று அங்குலத்திலிருந்து ஐந்தடி எட்டு அங்குலம் வரை உயரமுள்ளவர்களுக்கு 16 அங்குலம் சமாளிக்கும். 18 இருந்தால் நன்று. இரு பெடல்களுக்கும் இடையிலுள்ள அகலத்தையும் பார்க்க வேண்டும். கால்களை அகட்டி வைத்து மிதிக்க நேர்ந்தால் இடுப்பு மூட்டு அரை மணி நேரத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்துவிடும்.

சீட் பொருத்திய ‘டூ இன் ஒன்’, இடுப்பைத் திருப்பும் வட்டத்தட்டும் டம்பெல்லும் சேர்த்த ‘ஃபோர் இன் ஒன்’ ஆகியவற்றை நான் பரிசீலிக்கவே இல்லை. நின்று மிதிக்க அமைத்த பெடல் பாதை உட்கார்ந்து மிதிக்கப் பொருந்தாது. சீட் தூண் நிற்பவரின் பின்புறத்தில் இடிக்கும்.

இடம் பார்ப்பதில் நம் வீடுகளுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு: மின்விசிறியும் பரணும். தேசிய கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்பது அடி. அதில் தொங்கும் விசிறியின் இறக்கை தரையிலிருந்து எட்டடியில் சுழலும். பெடல் உச்சிக்கு வரும்போது அதில் நிற்பவர் தரையிலிருந்து ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை உயர்ந்திருப்பார். ஆறடி உயரமுள்ள ஒருவரின் தலை ஏழரை அடியில் இருக்கும். பயிற்சி முடிந்து சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரண் இன்னும் மோசம். அது பெரும்பாலும் கதவு நிலையின் மட்டத்தில், ஏழடியில் இருப்பதால் அதன் அடியில் இயந்திரத்தைப் போடவே முடியாது. விசிறிக்கு நேர்கீழே இல்லாமல், அதன் காற்று படும் தூரத்தில் போட வேண்டும். இயந்திரத்துக்கு ஐந்தடிக்கு இரண்டடி, சுற்றிலும் இரண்டடி என்று செய்தித்தாளைத் தரையில் விரித்துப் பார்த்தால் அறையின் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையென்றால் அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். கீழ்வீட்டாரின் காலைத் தூக்கத்துக்கும் அது நல்லது.

பால்கனியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது சட்டகமல்ல, பூச்சு உரிந்த நட்டும் போல்ட்டும்தான். துருவேறிய நட்டைப் பிற்பாடு கழற்ற முயன்றால் அதன் முனை மழுங்கிவிடும். வீட்டுக்குள் இருந்தாலும் வியர்வையில் உள்ள உப்பு இதே வேலையைச் செய்யும் என்பதால், பயிற்சிக்குப் பின் ஒரு துணியால் துடைத்துவிட வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, 15 ஆயிரத்துக்குக் கீழ் உள்ளவற்றில் மேலே சொன்ன பேரிங் சோதனையில் தேறிய எதையும் நான் பார்க்கவில்லை. 25 முதல் 35 ஆயிரத்துக்குள் கைமுறைக் காந்தத் தடையும் 16 அங்குல ஸ்ட்ரைடும் கொண்ட உருப்படியான இயந்திரங்கள் கிடைக்கின்றன; நான் வாங்கியதும் அந்த வரிசையில்தான். அதன் பெயரை எழுதவில்லை. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரே தொழிற்சாலையில் செய்த சட்டகம் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் வெவ்வேறு விலைக்கு விற்பனையாவதும் உண்டு. 50 ஆயிரத்துக்கு மேல் போகும்போது கூடுதல் பணத்தில் எவ்வளவு உலோகத்துக்குப் போகிறது, எவ்வளவு திரைக்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழையது வாங்குவதை நான் இழிவாக நினைக்கவில்லை. வாங்கிய வேகத்தில் ஆர்வம் தணிந்து, அதிகம் ஓடாமலே விற்பனைக்கு வரும் இயந்திரங்கள் ஏராளம். பாதி விலைக்குக் கேட்கலாம். கிராங்கைப் பிடித்து ஆட்டும் சோதனை இங்கே இன்னும் முக்கியம். மூடப்பட்ட ஜிம்களிலிருந்து வரும் இயந்திரங்கள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் 100 கிலோவுக்கு மேல் எடை. படிக்கட்டில் ஏற்றவே நான்கு ஆள் வேண்டும். மின்பலகை போனால் அதற்கு மாற்றுக் கிடைப்பதும் அரிது.

உத்தரவாதத்தைப் படிக்கும்போது, சட்டகத்துக்கு ஐந்து ஆண்டு என்ற வரியைத் தாண்டிப் போங்கள். வெல்டிங் நன்றாக உள்ள இரும்புக் குழாய் எளிதில் உடைவதில்லை; அதற்கு ஐந்து ஆண்டு தருவதில் அவர்களுக்குப் பெரிய செலவில்லை. அசையும் பாகங்களுக்கு எத்தனை மாதம், அதில் பேரிங்கும் புஷ்ஷும் அடங்குமா, மெக்கானிக் வீட்டுக்கு வர தனிக் கட்டணமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ஒரு பெடல், ஒரு பெல்ட், ஒரு புஷ் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். உடனே விலை சொல்லும் கடையில் பாகங்கள் இருக்கின்றன. விசாரித்துச் சொல்கிறோம் என்றால், இல்லை.

பொருத்தும் நாளில் ஒரு வேலை உண்டு. வருகிற ஆள் அவசரப்படுவார் என்பதால் நாம்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். கிராங்கை அச்சோடு பிணைக்கும் நட்டை இறுக்கும் முன், இரு பரப்பையும் துடைக்கச் சொல்லுங்கள். சைக்கிளில் இருப்பதைப் போலவே பல எலிப்டிகல்களிலும் அது சரிவான சதுர அச்சு. நட்டு தளர்ந்த நிலையில் சில நாள் மிதித்தாலே கிராங்கின் சதுரத் துளை உருண்டுவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. முதல் வாரம் முடிந்ததும் ஒருமுறை, முதல் மாத இறுதியில் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனரை வைத்து இறுக்கிப் பார்த்தால் போதும். ஆடும் மூட்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது கெட்டிப்பட்டுத் தூசியைச் சேர்க்கும். இயந்திரத்தோடு வந்த ஆலன் கீயையும் ஸ்பேனரையும் பாகங்களின் படமுள்ள பக்கத்தையும் ஒரே உறையில் போட்டு, இயந்திரத்தின் தூணிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.